கருப்பாயி சுட்டால் ஒட்டிக்கொள்ளும்

கரடிப்பள்ளம் என்ற மலை ஊரில் உடைந்த சாமான் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அடுப்படியில் பிடி கழன்ற கரண்டி கிடையாது, பள்ளிக்கூடத்தில் கால் ஆடும் பெஞ்சு கிடையாது, பஸ் ஸ்டாண்டில் முள் நின்றுபோன கடிகாரம் கிடையாது, அத்தனைக்கும் காரணம் பல் டாக்டர் உமையாள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுட்ட ரிவால்வர்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், கரடிப்பள்ளத்துக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

உமையாள் அந்த ஊரில் பல் பிடுங்காத வாய் குறைவு. மற்ற பெண்கள் வைரத்தோடு சேர்க்கிற வயதில் அவள் பழைய ரிவால்வர் சேர்க்க ஆரம்பித்தாள், அதுவும் எந்த ரிவால்வரையும் அல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்தால்தான் சுடும் என்கிற அந்தக் காலத்து ரிவால்வர்களை மட்டும். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் சடசடவென்று சுட்டுத் தள்ளும் புதுத் துப்பாக்கிகளை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அதெல்லாம் அவசரக்காரர்களுக்கு, ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு அடுத்த பல்லைப் பிடுங்குவதற்கு முன் யோசிக்க வேண்டாமா என்பாள். காபி எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும் போதெல்லாம் பரணில் கிடந்த துருப்பிடித்த இரும்பைத் தேடிப் போய், லைசென்ஸுக்கு நாயாய் அலைந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் தூங்க வைப்பாள். அவற்றில் மூத்தவள் கருப்பாயி. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ரிவால்வர் அது, தோட்டா போடுகிற வகைகூட இல்லை. உருளையின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, மேலே நெய்யும் தேன்மெழுகும் கலந்து பூசி, பின்னால் குழந்தைகள் துப்பாக்கிக்கு வைக்கிற மாதிரி ஒரு கேப்பு செருக வேண்டும். அப்படிப் பூசிய நெய்யோடு மருந்து வெடிக்கும்போது சுட்டுப் பழகும் ரேஞ்சு முழுக்கத் தீபாவளி காலை மணக்கும். கருப்பாயியின் உடம்பு முழுக்க ஒரு நிறம் இருந்தது, கறுப்பு என்றும் சொல்ல முடியாது, நாவல்பழத் தோலில் சாயங்கால வெளிச்சம் பட்ட மாதிரி, எத்தனையோ பேர் உள்ளங்கை பட்டுப்பட்டு, எத்தனையோ மழைக்காலம் பார்த்து, தானாக ஊறி வந்த நிறம். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் உமையாள் அவளுக்குப் பெயர் வைத்தாள்.

உமையாளின் வீட்டுக்காரர் சாத்தப்பன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர், ஒரு ஈயை அடிக்க மாட்டார், ஆனால் மங்கின உலோகத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். பித்தளை என்றால் முகம் தெரிய வேண்டும், செம்பு என்றால் கண் கூச வேண்டும். யார் மீதாவது அவருக்குப் பிரியம் வந்தால் அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கை வாங்கிப் போய்த் தேய்த்துக் கொண்டுவந்து கொடுப்பார், அதற்கு மேல் பிரியத்தைச் சொல்ல அவருக்குத் தெரியாது.

கல்யாண நாளன்று, உமையாள் கிளினிக் போயிருந்த நேரத்தில், அவளுக்கு ஒரு ஆனந்த அதிர்ச்சி கொடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தவர், பாவம் இப்படி அழுக்கடைந்து கிடக்கிறாளே என்று கருப்பாயியை எடுத்து, புளியும் சாம்பலும் போட்டு, ஒரு பழைய வேட்டித் துண்டால் மத்தியானம் முழுக்கத் தேய் தேய் என்று தேய்த்து, கல்யாண வீட்டுப் பன்னீர்ச்செம்பு மாதிரி பளபளக்க வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகையும் சுற்றி மேஜையில் வைத்தார்.

பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நிறத்தைத் தேய்த்து எடுப்பதைவிட அவர்கள் தலைமுடியைச் சிரைத்துவிடுவது எவ்வளவோ மேல் என்பார்கள். உமையாள் கத்தவில்லை. கருப்பாயியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்து எழுந்து, சாத்தப்பன் டீ குடிக்கிற ரங்கூன் பீங்கான் கோப்பை ஆறையும் ஒரு பெட்டியில் வைத்து வாசலில் வைத்தாள்.

"அந்தக் கறுப்பு என்னைக்குத் திரும்பி வருதோ, அன்னைக்கு நீங்களும் திரும்பி வாங்க," என்றாள். தெருவே கேட்டது.

சாத்தப்பன் கோப்பைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை மாடிக்குக் குடிபோனார். அதன்பிறகு மூன்று வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை உமையாள் வீட்டிலிருந்து கடைக்குச் சாப்பாட்டுக் கேரியர் போனது, அதில் அவருக்குப் பிடித்த மண்டிக் குழம்பு இல்லாத நாள் கிடையாது. கேரியர் திரும்பி வரும்போது கண்ணாடி மாதிரி தேய்த்துத்தான் வரும், அதைப் பார்த்ததும் உமையாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் ஆறிப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது, வீம்புதான் மிச்சம். தெருவே கேட்கச் சொன்ன வார்த்தையை எந்த வாயால் திரும்பப் பெறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, படுக்கையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்ததும் பொறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கி கிளப் ரேஞ்சில், உமையாள் வெகுநாள் கழித்துக் கருப்பாயியை வெளியே எடுத்தாள். ரேஞ்சில் சுடுவதற்கான குறியை எடுத்து நிறுத்துவதும் டீ போடுவதும் லூர்தம்மாள். அவள் ஒரு விரிசல் விட்ட பூந்தொட்டியை மேட்டில் வைத்துவிட்டு வந்தாள். உமையாள் வழக்கம்போல ஆறு அறையில் ஐந்தை நிரப்பி, சுத்தியலுக்கு அடியில் வரும் ஆறாவது அறையைக் காலியாக விட்டாள். கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருக்க அந்தக் காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. சுட்டாள். தொட்டி அப்படியே இருந்தது. மறுபடி சுட்டாள், அப்படியே இருந்தது. மாவட்டத்தில் அவளைவிடக் குறி தவறாத கை கிடையாது, ஐந்து குண்டும் ஒரு பூந்தொட்டியைத் தவறவிட்டதா என்று அவள் காதுமடல் சிவந்து நின்றபோது, லூர்தம்மாள் மேட்டிலிருந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வந்தாள்.

"டாக்டரம்மா, விரிசல காணோம்," என்றாள். "புதுசாட்டம் இருக்கு. நான் துளசி வெச்சுக்கவா?"

தொட்டியில் குண்டு பட்ட இடத்தில் மிளகு அளவு கறுப்புப் புள்ளிகள் இருந்தன, முகர்ந்து பார்த்தால் தீபாவளி வாசனை. உமையாள் யோசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து காது உடைந்த தன் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, இதைக் கொண்டுபோய் வை என்றாள்.

அடுத்த ஞாயிறு ரேஞ்சு வாசலில் கூட்டம். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, மலையில் மேகம் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துவிட்டுப் போவதையே தினமும் பார்க்கிற ஜனங்கள், ஒரு துப்பாக்கி ஒட்டவைக்கிறது என்றால் ஒட்டவைக்கட்டும். அவர்கள் கேட்டதெல்லாம் யாருக்கு முதல் இடம் என்பதுதான். மாரியம்மன் கோயிலில் தலைமுறையாகக் கீறல் விழுந்து தகர டப்பா மாதிரி சத்தம் போட்ட மணியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். குண்டு பட்டதும் அது தானாகவே ஒருமுறை அடித்துக்கொண்டது, பள்ளத்தாக்கு மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. மாதா கோயில் வண்ணக் கண்ணாடி வந்தது. மழையில் நின்றுபோன டவுன் பஸ்ஸைப் பயணிகளே தள்ளிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டி நிறுத்தினார்கள், அன்றிலிருந்து அது புகை விடும் இடமெல்லாம் நெய் மணந்தது, குழந்தைகள் பட்டாசு கேட்டு அழுதன. ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர் தன் பல் செட்டை வாயிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் வைத்து வரிசையில் நின்றார்.

"கிளினிக்குக்கு வந்தா நானே சரி பண்ணித் தந்திருப்பேனே சார்," என்றாள் உமையாள்.

"கிளினிக்குல வலிக்கும்," என்றார் அவர், பல் இல்லாத வாயால்.

முழங்காலைச் சுடச் சொல்லி வந்தவர்களும் உண்டு. உமையாள் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். உயிருள்ள எதற்கு நேராகவும் துப்பாக்கி நீளக் கூடாது, அது காலியாக இருந்தாலும் கூடாது, அற்புதம் நடந்தாலும் கூடாது என்றாள்.

சைக்கிள் கடைக்காரரும் குடை ரிப்பேர்க்காரரும் ரேடியோ மெக்கானிக்கும் செருப்புத் தைப்பவரும் சேர்ந்து பஞ்சாயத்துத் தலைவி ரங்கநாயகியிடம் போய், எங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே என்று முறையிட்டார்கள். ரங்கநாயகி கெட்டிக்காரி. ரிப்பேர்க்காரர்கள் பார்த்து, தட்டி, முறுக்கி, இது எங்களால் ஆகாது என்று கை விரித்த சாமான் மட்டுமே டாக்டரம்மாவிடம் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். அவ்வளவுதான், ரிப்பேர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கருப்பாயியிடம் தோற்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள், ஊரில் பாதிச் சாமான் அந்த ரோஷத்திலேயே சரியானது, மீதிப் பாதியை வாரம் ஐந்தாகக் கருப்பாயி பார்த்துக்கொண்டாள்.

ஊரெல்லாம் ஒட்டியது, அவளுடையது ஒட்டவில்லை. ஒருநாள் உமையாள் நிலைக்கண்ணாடியைக் குறிமேட்டில் வைத்து அதில் தெரிந்த கருப்பாயியின் பிம்பத்தைச் சுட்டுப் பார்த்தாள். ரசம் போன கண்ணாடி புதுசானது, கருப்பாயி அதில் இன்னும் பளபளவென்று தெரிந்தாள்.

"ஊரு சாமானெல்லாம் சரி பண்றவ தன்னைச் சரி பண்ணிக்க முடியலையே லூர்து," என்றாள் உமையாள்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் லூர்தம்மாள், டீ ஆற்றிக்கொண்டே.

கடை மாடியில் சாத்தப்பனும் இதே கவலையில்தான் இருந்தார். ஊரில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், கொண்டுபோக அவரிடம்தான் உடைந்த சாமான் ஒன்றுகூட இல்லை. பித்தளை நசுங்குமே தவிர உடையாது. யோசித்து யோசித்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை ரங்கூன் கோப்பை ஒன்றை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தரையில் போட்டார்.

பீங்கானை ஒட்ட யாராலும் ஆகாது, எல்லா ரிப்பேர்க்காரர்களும் கை விரித்தார்கள். வேட்டித் துணியில் ஓடுகளைக் கட்டிக்கொண்டு சாத்தப்பன் வரிசையில் நின்றபோது, உமையாளுக்கு நெஞ்சு அடித்த சத்தம் அவளுக்கே கேட்டது. சுட்டாள், கோப்பை கூடியது, அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் இரண்டாவது கோப்பையோடு வந்தார். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. நாற்பது வருஷமாக ஒரு கரண்டியைக்கூடக் கை தவறவிடாத மனுஷர் வாரம் ஒரு கோப்பை உடைப்பதைப் பார்த்து ஊர் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு சந்தேகப்பட்டது.

"செட்டியாரே, வேணும்னே உடைக்கறீங்க," என்று ரங்கநாயகி கூட்டத்துக்கு நடுவில் கேட்டேவிட்டாள். "எங்க தெரு பம்புசெட்டு காத்துக்கிடக்கு. டீ குடிக்கிற கோப்பைக்கு ஒரு குண்டா?"

சாத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார். உமையாள் கருப்பாயியின் சுத்தியலை இழுத்து வைத்தபடி, "உடைஞ்சதைத்தான் பார்ப்பேன், யாரு உடைச்சான்னு பார்க்க மாட்டேன். வைங்க கோப்பையை," என்றாள். சொல்லிவிட்டு, ஒரு எஸ்டேட் பங்களாவைக் குறிபார்ப்பதுபோல அந்தச் சின்னக் கோப்பையை ரொம்ப நேரம் குறிபார்த்தாள், அத்தனை நேரமும் அவர் அங்கே நிற்பார் அல்லவா. அப்போதுதான் ரங்கநாயகிக்கு விஷயம் விளங்கியது. பம்புசெட்டு மெதுவாக வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும், ஓட்டு எண்ணி முடித்து ஜெயித்தவர்கள் மாலை வாடிய பிறகுதான் திரும்பக் கிடைக்கும். உமையாளுக்குக் கடைசி ஞாயிறு அது, சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பழக்கப்படி ஐந்து அறையையும் நிரப்பிவிட்டாள். பம்புசெட்டு வந்தது, ஒரு ஆர்மோனியம் வந்தது, ஒரு தையல் மெஷின், ஒரு ஊஞ்சல் பலகை. நாலு சுட்டதும் வரிசை தீர்ந்துபோனது. ஐந்தாவது குண்டுக்கு ஊரில் உடைந்த சாமான் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கருப்பாயி மாதிரியான ரிவால்வரில் மருந்தும் குண்டும் திணித்துவிட்டால் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும், வெளியே எடுப்பது பெரும்பாடு. நிரப்பிய துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்க மாட்டார்கள். சும்மா மண்மேட்டைச் சுட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் அற்புதத்தை மண்ணில் போட ஊருக்கு மனசு வரவில்லை. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள், பரணைக் குடைந்தார்கள், கட்டிலுக்கு அடியில் தேடினார்கள், ஒரு உடைந்த சீப்புக்கூட அகப்படவில்லை. இப்படி வெறுங்கையோடு திரும்பி வந்து ஒருவரை ஒருவர் பார்த்ததும் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ரேஞ்சே குலுங்கிச் சிரித்தது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சாத்தப்பன் முன்னால் வந்தார். கையில் கோப்பை இல்லை, ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதைத் திறந்து, உள்ளேயிருந்து கரிப்பிடித்த ஒரு துணியை எடுத்து உதறினார். புளியும் சாம்பலும் காய்ந்து விறைத்துப்போன வேட்டித் துண்டு, நடுவிலெல்லாம் கறுப்பு, நாவல்பழக் கறுப்பு.

மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் அவளைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கி தேச்ச துணி. தூக்கிப் போட மனசு வரல உமையா. உன் கருப்பாயி இதுலதானே இருக்கா."

உமையாள் துணியின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தனை நாளா ஏன் கொண்டாரலை?"

"உடைஞ்ச சாமான்தானே கொண்டாரணும்," என்றார். "இது நம்மள உடைச்ச சாமான். வெக்கமா இருந்துச்சு."

லூர்தம்மாள் துணியை வாங்கிக் குறிமேட்டில் கொடி கட்டித் தொங்கவிட்டாள். உமையாள் கருப்பாயியைத் தூக்கினாள், குறிபார்த்தாள். இறக்கினாள்.

"இங்க பாருங்க," என்றாள், அவரைப் பார்க்காமல், தெரு மொத்தமும் கேட்கிற மாதிரி. "கறுப்பு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இன்னைக்கு ராத்திரி நான் கேரியர் குடுத்துவிடப் போறதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க."

சாத்தப்பன் பதில் சொல்வதற்குள் சுத்தியலை இழுத்தாள், சுட்டாள். புகை எழுந்து எல்லோரையும் மூடிக்கொண்டது, அத்தனை நெய் மணம் அதற்கு முன்னும் பின்னும் அந்த ரேஞ்சில் வந்ததில்லை. புகை விலகியபோது கொடியில் ஒரு வேட்டித் துண்டு சலவைக்குப் போய் வந்ததுபோல வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடியது. ஊர் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தது. சாத்தப்பன் அழுதுகொண்டிருந்தார், உமையாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள், இருவரும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தார்கள், பின்னாலேயே ஊரும் நடந்தது.

தேர்தல் முடிந்து திரும்பி வந்த பிறகு கருப்பாயி எல்லாத் துப்பாக்கியையும் போல ஓட்டைதான் போட்டாள். முதல் ஞாயிறு ஒரு பூந்தொட்டி சுக்குநூறாகச் சிதறியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர்கள் ரிப்பேர்க்காரர்கள், அவர்களுக்கு மறுபடி நல்ல காலம். ஆனால் அது பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும்.

ஸ்டேஷனில் ரைட்டர் வீராச்சாமி பையை வாங்கித் துணியைப் பிரித்தார், விளக்குக்கு நேராகப் பிடித்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"டாக்டரம்மா, துப்பாக்கி மாறிப்போச்சா? போன தேர்தலுக்குக் குடுத்தப்ப வெள்ளிச் சொம்பாட்டம் மின்னுச்சு. இது என்ன இவ்வளவு பழசா இருக்கு?"

உமையாள் எட்டிப் பார்த்தாள். மேஜையில் கருப்பாயி கிடந்தாள், நாவல்பழத் தோலில் சாயங்கால வெளிச்சம் பட்ட மாதிரி. உமையாள் ஒற்றை விரலால் குழலைத் தடவினாள், அதில் தன் முகம் தெரியவில்லை என்று கண்டு சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

சாத்தப்பன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் காதோரம் குனிந்து, ரகசியம்போலக் கேட்டார்.

"அழுக்கா இருக்கே உமையா. லேசா புளி போட்டுத் தேச்சுத் தரட்டா?"

உமையாள் சிரித்த சிரிப்பில் லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்து, என்ன விசேஷம் என்று கேட்டான்.